நம்பர் 5 யாருக்கு?

நவம்பர் 7, 2025, வெள்ளி

சிபியு வந்துவிட்டது. திருத்துறைப்பூண்டியிலிருந்து ரயிலில், மடியில் வைத்துக்கொண்டு வந்தான் தம்பி. 2023-இல் அகஸ்தியம்பள்ளி ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து அவனுக்கு எதற்கெடுத்தாலும் ரயில்தான். பஸ்ஸில் குலுங்கிவிடுமாம்.

பழையதில் விண்டோஸ் 10. அக்டோபர் 14-ஓடு அதற்குக் கவனிப்பு நின்றது. ஜிஎஸ்டி போட வரும் பார்ட்டிகளின் பான், ஆதார், பேங்க் கணக்கு அத்தனையும் அதில். மூன்று வாரமாக வயிற்றில் புளி.

லேன் வயரைச் சொருகினேன். பப்ளிக் நெட்வொர்க் என்று அதுவே போட்டுக்கொண்டது. வீடுதானே, பிரைவேட் என்று மாற்றக் கை போனது. பப்ளிக் பக்கத்தில் 'பரிந்துரை' என்று இருந்தது. படித்தேன். அதில் இருந்தால், இதே ரூட்டரில் தொங்கும் வேறு எதற்கும் இந்த கம்ப்யூட்டர் கண்ணில் படாது. நான் வெளியே போகலாம், வரலாம். உள்ளே யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

கையை எடுத்துவிட்டேன். இருக்கட்டும்.

பிரிண்ட் வந்தது. அத்தை எழுந்து வந்து, "எதுக்குடி இவ்ளோ பெரிய டப்பா" என்றார்கள்.

நவம்பர் 8, சனி

பிரிண்டர் ஆஃப்லைன். நேற்று வந்தது, இன்று இல்லை. பிரைவேட் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. திரும்பப் பப்ளிக். அப்போது வந்தது. அப்புறம் போய்விட்டது. யாரைக் கேட்பது.

இரவு அவர். வாட்ஸ்அப் கால் ஷார்ஜாவில் இன்னும் போகாது, போட்டிம் ஆப்தான். முகம் பாதி, ரூம் ஃபேன் பாதி. லீவில் வருகிறவர் கையில் கேமரா கொடுத்து விட்டிருக்கிறாராம். "ஹால்ல மாட்டிடு. அம்மாவையும் உன்னையும் எப்ப வேணா பாத்துக்கலாம்."

சரிங்க என்றேன்.

போனை வைத்துவிட்டு ஹாலைப் பார்த்தேன். கொடியில் காயாத பாவாடை. தரையில் பில் கட்டு. பாய். நான் இங்கேதான் படுக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. உப்பளம் முழுக்கத் தண்ணீர். அம்பாரங்களின் மேல் தார்ப்பாய்.

லேன் வயர் முனையைப் பிடுங்கிப் பார்த்தேன். பல் எல்லாம் பச்சைக் களிம்பு. இந்த ஊர்க் காற்று ஜன்னல் கம்பியை விடாது, ஃபேன் ரெக்கையை விடாது, கேஸ் அடுப்பின் காலை விடாது. இதை மட்டும் விடுமா.

லிங்க் ஸ்பீட் 100-இல் நிற்கிறது. 1000 இருக்க வேண்டும். எட்டுக் கம்பியில் நான்கு ஒழுங்காகத் தொட்டாலே 100 ஓடிவிடும். 1000-க்கு எட்டும் வேண்டும். 150 பிளானுக்குக் காசு கட்டிக்கொண்டு 100-இல் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை மாதமாகவோ.

எரிச்சல். ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அது இன்னும் எரிச்சல்.

நவம்பர் 10, திங்கள்

நாளை ஜிஎஸ்டிஆர்-1. இருந்தாலும் இதை முடிக்காமல் உட்கார முடியவில்லை. தம்பியின் கிரிம்பிங் டூல் என்னிடமே இருக்கிறது. திருப்பித் தரவில்லை, தரவும் மாட்டேன்.

ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. முறுக்கைப் பிரித்து, நீவி, ஒரே மட்டமாக வெட்டிப் பிளக்குக்குள் தள்ள வேண்டும். உள்ளே போகிற நொடியில் நீலமும் பச்சையும் இடம் மாறப் பார்க்கும். கட்டைவிரல் நகத்தால் அமுக்கிக்கொண்டே தள்ளினேன். நகக்கண் விண்விண் என்கிறது. டூலை அழுத்தினேன். டக்.

1000.

எழுந்து நின்று சிரித்தேன். பார்க்க ஆளில்லை. நல்லவேளை.

பிரிண்டர் மட்டும் அப்படியே. அத்தை மத்தியானம் தூங்கினால் வருகிறது. எழுந்தால் போகிறது. அத்தைக்கும் அதற்கும் என்ன.

"கேமரா வந்துதா?"

"இல்லைங்க."

நவம்பர் 11, செவ்வாய்

போட்டாயிற்று. ஹார்டுவேர் கடை, உரக்கடை, செல்போன் கடைகள், சாக்கு வியாபாரி. கண் எரிகிறது.

உப்பு அண்ணன் சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போனார். அவருக்கு என்னிடம் வேலையே இல்லை. உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. உப்பு போடும் மூட்டைக்கு உண்டு. "1930-ல ராஜாஜி திருச்சிலேர்ந்து நடந்து வந்தாரே, உப்ப மட்டும் அள்ளிட்டு விட்டுட்டாரும்மா. சாக்கையும் சேத்து அள்ளியிருக்கணும்." சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"கேமரா வந்துதா?"

நவம்பர் 12, புதன்

வந்துவிட்டது. பேரீச்சம்பழம், தைலம், கேமரா. உள்ளங்கையில் அடங்குகிறது. இருட்டிலும் தெரியும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். ரூட்டரில் 2.4-ம் 5-ம் ஒரே பெயரில் கிடந்தன. பிரித்துத் தனித்தனிப் பெயர் வைத்தேன். 5 வேகம், ஆனால் சுவர் என்றால் களைத்துவிடும். 2.4 சுவர் தாண்டும். தாண்டும் என்பதால் தெருவில் எல்லார் வீட்டு 2.4-ம் என் வீட்டுக்குள் இருக்கிறது. சேனல் 6-இல் ஒரே நெரிசல். 11-க்கு மாற்றினேன். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று இடிக்காது.

கேமராவின் யூசர் பெயர் அட்மின். பாஸ்வேர்டும் அட்மின். 2016-இல் மிராய் என்ற மால்வேர் இப்படித்தான் புகுந்தது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்கள், ரூட்டர்கள், எல்லாவற்றையும் பிடித்து ஒரே பக்கம் திருப்பி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் திணறின. இதைத் தட்டி அவருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. படித்திருக்க மாட்டார்.

பாஸ்வேர்டை மாற்றினேன். மாட்டவில்லை. டிரங்குப் பெட்டி மேல் இருக்கிறது, முகம் சுவர் பக்கம்.

நவம்பர் 13, வியாழன்

பிடித்துவிட்டேன்!

பிரிண்டரின் நம்பர் 192.168.1.5. வைத்துக் கொடுத்த பையன் கையால் அடித்துவிட்டுப் போனது. இன்று பிரிண்டரை ஆஃப் செய்துவிட்டு அந்த நம்பருக்குப் பிங் போட்டேன். பதில் வருகிறது. ஆஃப் செய்த பிரிண்டர் பதில் சொல்கிறது. உண்மையாகவே கை சில்லிட்டது.

192.168.1.1 திறந்து, யார் யார் தொங்குகிறார்கள் என்று பார்த்தேன். 5: அத்தை போன்.

ரூட்டர் 2-இலிருந்து 254 வரை தானாக எடுத்துக் கொடுக்கிறது. 5-ஐ ஒருவன் பிரிண்டருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது அதற்கு எப்படித் தெரியும். கரண்ட் போய்ப் போய் வருகிற மழைக்காலம். வந்ததும் யார் முதலில் கை நீட்டுகிறார்களோ அவர்களுக்கு. அத்தை தேவாரம் வீடியோ போட்டால் என் இன்வாய்ஸ் அத்தை போனில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. பப்ளிக்கும் இல்லை, பிரைவேட்டும் இல்லை. பாவம் விண்டோஸ், அதைத் திட்டாத திட்டில்லை.

டிஹெச்சிபி வரிசையை 100-இலிருந்து 199 என்று சுருக்கினேன். 5 அதற்கு வெளியே. இனி பிரிண்டருக்கே.

பட்டியலில் தெரியாத விவோ ஒன்று. எதிர்வீட்டுப் பையன். பாஸ்வேர்டு சொன்னது அத்தை. "பரீச்சைக்குப் படிக்கணும்னான், குடுத்தேன்." கிரிக்கெட் படிக்கிறான்.

"உங்க நம்பர் மாறிட்டு அத்தை. இப்ப 103" என்றேன், விளையாட்டாக.

முகம் செத்துவிட்டது. "மாறிட்டா? அப்ப அவன் எப்படிடி கூப்புடுவான்?"

அது வீட்டுக்குள்ள நம்பர், வெளி நம்பர் அதேதான் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார்கள். சாப்பிடவில்லை. ராத்திரி அவர் கூப்பிட்டு, போனைக் காதில் வைத்துக் கேட்ட பிறகுதான் இட்லியைத் தொட்டார்கள்.

"கேமரா மாட்டியாச்சா?"

"நாளைக்குங்க."

நவம்பர் 14, வெள்ளி

"ஆப்பெல்லாம் சுத்திப் போவுமாம். ரூட்டர்ல போர்ட் தொறந்து விட்டா நேரா பாக்கலாமாம்." அவர் ரூமில் ஒரு நிபுணர் சேர்ந்திருக்கிறார் போல.

வராது என்று தெரிந்தே திறந்தேன். ரூட்டரின் வெளிப்பக்க நம்பர் 100.74 என்று ஆரம்பிக்கிறது. 100.64-லிருந்து 100.127 வரை கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ள 2012-இல் ஒதுக்கியது. பழைய வகை நம்பர்களின் மொத்தக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதனால் பல வீட்டுக்கும் சேர்த்து ஒரு வெளி நம்பர். என் வாசலை நான் திறந்து வைத்தாலும் மேலே கம்பெனி வாசல் சாத்தியிருக்கிறது. ஷார்ஜாவிலிருந்து தட்டினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

நம்மூர்க் கோயிலின் மறைக்கதவைத் திறக்க அப்பர் பதிகமே பாட வேண்டியிருந்தது. சம்பந்தர் ஒரே பாட்டில் சாத்திவிட்டார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சம்பந்தர் கட்சி.

நமக்கென்று தனி நம்பர் வேண்டுமென்றால் மாதாமாதம் தனிக் காசு என்றேன். காசு என்றதும், "அப்ப வேணாம், ஆப்பே போதும்."

திறந்ததைச் சாத்திவிட்டேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நல்ல சந்தோஷம் இல்லை அது.

நவம்பர் 15, சனி

ஆப்பில் வருகிறது. இதற்கு வாசல் திறக்க வேண்டாம். கேமரா தானே வெளியே போய் ஏதோ ஒரு சர்வரில் நிற்கிறது, அவர் போனும் அங்கே போய்ச் சேர்கிறது. அந்த 'ஏதோ' எந்த ஊர் என்று பெட்டியில் இல்லை.

சாயங்காலம் முல்லை வாங்கினேன். மழையில் விலை கொள்ளை. இருந்தாலும் ரெண்டு முழம். பச்சைப் புடவை. அலமாரி மேல் கேமராவை வைத்து எதிரே உட்கார்ந்தேன்.

"தெரியுது. தெரியுது. பூ வச்சிருக்கியா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே அத்தை குறட்டை. காதெல்லாம் சூடு. கல்யாணமான புதிதில் போல. இதையா வேண்டாம் என்றிருந்தேன்.

போனை வைத்த பிறகும் அது விழித்துக்கொண்டிருந்தது. பாயை எடுத்துக்கொண்டு அத்தை அறைக்குப் போனேன்.

நவம்பர் 16, ஞாயிறு

விடியுமுன் போட்டிம். வருஷா வருஷம் இந்தத் தேதியில் கூப்பிடுவார். 2018 என்று இருவரும் சொல்ல மாட்டோம்.

"காத்து இருக்கா?"

"இல்லைங்க. மழைதான்."

"சரி."

கஜா புயலில் கம்பம் இல்லை, கரண்ட் இல்லை, டவர் இல்லை. தென்னையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அடுப்படிக்குக் கூரை இல்லை, மேலே வானம். நாங்கள் இருந்தோம், அது எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்த நாட்களில் என்ன சாப்பிட்டார், தூங்கினாரா, இதுவரை சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

இதை நினைத்தால் ஹாலில் ஒன்றென்ன, நாலு மாட்டலாம்.

இரவு ஹாலிலேயே படுத்தேன். புரண்டு புரண்டு. புடவை விலகியதா என்று பார்த்துப் பார்த்து.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை 1. சோமவாரம். அத்தையோடு கோயிலுக்குப் போய் நனைந்து திரும்பினோம். ஈரத்தோடு ஹாலில் கால் வைக்கிறேன், மெசேஜ்: "இப்பதான் வரீங்களா. ஏன் இவ்ளோ நேரம்."

துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன்.

"ஏன் இருட்டா இருக்கு?"

"கரண்ட் இல்லைங்க."

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத வீட்டுக் கேமரா எப்படி இருட்டைக் காட்டும் என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

எந்தத் தளமும் திறக்க யோசிக்கிறது. திறந்த பின் சரசரவென்று ஓடுகிறது. அப்படியென்றால் டிஎன்எஸ். பெயரைக் கொடுத்தால் நம்பரைச் சொல்கிற இடம் மந்தம். ரூட்டரில் தானாக வந்ததை எடுத்துவிட்டு 1.1.1.1, அடுத்ததாக 8.8.8.8. சரியாகிவிட்டது. சரியான மாதிரி இருக்கிறது.

ஜிஎஸ்டிஆர்-3பி பாதிதான் ஆகியிருக்கிறது. ஹார்டுவேர் கடை இன்னும் பர்ச்சேஸ் பில் தரவில்லை. தலைவலி.

துண்டு அப்படியே. அவர் கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காதது பிடிக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

காலையில் ரூட்டரில் சிவப்பு லைட். நாளை 20, 3பிக்குக் கடைசி நாள்! இன்றைக்கா வர வேண்டும்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். ஜன்னலோரம் வைத்தால் ரெண்டு கோடு, மேசையில் வைத்தால் ஒன்று. ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதி.

ஃபைபர் பையன் வரும்போது மணி மூன்று. தென்னை மட்டை விழுந்து அறுந்திருக்கிறது, ரெண்டு கம்பம் தள்ளி. பைக் சீட்டில் ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்தான். நான் குடை பிடித்தேன். கருப்பு உறையை உரித்தான். உள்ளே வெள்ளை. அதையும் உரித்தால் கண்ணாடி இழை, விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. 125 மைக்ரான் என்றான். அதற்குள் வெளிச்சம் போகிற இடம் 9 மைக்ரான்தானாம். ஸ்பிரிட்டில் துடைத்தான். நறுக்கினான். "குடைய ஆட்டாதீங்கக்கா." மெஷின் திரையில் ரெண்டு முனையும் பெரிதாகத் தெரிந்தன. மெல்ல நெருங்கின. ஒரு பொறி. கோடு ஒன்றாகிவிட்டது.

இத்தனூண்டு கண்ணாடியில்தான் ஷார்ஜா, ஹார்டுவேர் கடை, அத்தையின் தேவாரம் எல்லாம்.

"ரீசெட் பட்டன அமுக்கலையேக்கா?"

"இல்லப்பா."

"குண்டூசி வச்சு அமுக்கிடுறாங்க எல்லா வீட்லயும். பிபிபிஓஇ பேரு, பாஸ்வேர்டு, விலான் நம்பர் எல்லாம் அழிஞ்சிடும். அப்புறம் நான்தான் வரணும்." காலண்டரைத் திருப்பிக் காட்டினேன். எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். மரியாதையாகப் பார்த்தான். டீயில் சர்க்கரை கூடப் போட்டேன்.

ஹாலில் துண்டைப் பார்த்துவிட்டான். "இது என்னக்கா?"

"கேமரா."

"அதுக்கேன் துண்டு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கேட் தூண்ல மாட்டிடுங்கக்கா. 2.4தான, எட்டும். கெஸ்ட் நெட்வொர்க்ல போடுங்க. வெளியே போவும், உங்க சிஸ்டத்துப் பக்கம் வராது."

நவம்பர் 20, வியாழன்

எல்லாம் போட்டு முடித்தபோது இரவு மணி பத்தரை. இடுப்பு கழன்றுவிட்டது.

அவர் கூப்பிட்டார். "ஹால்ல வேணாங்க." முதல் தடவையாக வாயால் சொன்னேன்.

"ஏன்?"

ஹேக் பண்ணுவாங்க, 2016-ல மிராய்னு ஒண்ணு, என்று ஆரம்பித்தேன். பாதியில் அலுத்துவிட்டது. "எனக்குப் புடிக்கலை."

அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும்.

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதான."

கோபமா, இல்லையா. குரலில் தெரியவில்லை. "கேட்ல மாட்டுறேன்" என்றேன். "ம்." வைத்துவிட்டார். தூக்கம் வரவில்லை. இவ்வளவு நாள் கழித்துச் சொல்ல இன்றைய ராத்திரிதானா கிடைத்தது.

நவம்பர் 21, வெள்ளி

காலண்டர் பின்னால் எழுதியது, இங்கேயும்: பிரிண்டர் 5, மாறாது. வரிசை 100 முதல் 199. டபிள்யூபிஎஸ் ஆஃப். ரூட்டர் அட்மின் பாஸ்வேர்டு புதிது. வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் புதிது, அத்தைக்குச் சொல்லவில்லை. கெஸ்ட் நெட்வொர்க்கில் கேமராவும் எதிர்வீட்டுப் பையனும்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து டேலி டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்தாயிற்று. ரெண்டும் ஒன்றையொன்று பார்ப்பதற்காகப் பிரைவேட் போட வேண்டிய அவசியம் இல்லை. பழையதின் வயரைப் பிடுங்கிவிட்டேன். புதியது பப்ளிக்கிலேயே. பிரிண்டருக்கு நான்தான் அனுப்புகிறேன், அது என்னைத் தேடி வருவதில்லை. அதனால் ஒரு குறையும் இல்லை.

தம்பி தூணில் மாட்டினான். சாயங்காலம் வரை ஆப்பில் யாரும் வரவில்லை. ராத்திரி ஒரு மெசேஜ்: "தெருவிளக்கு எரியுது போல."

"ஆமாங்க."

நவம்பர் 22, சனி

"வாசல்ல யாரு கார்?"

"கோடியக்கரைக்குப் பூநாரை பாக்கப் போறவங்க. வழி கேட்டாங்க."

"எந்த ஊரு?"

நான் எதற்குக் கேட்டேன் அவர்களிடம். சென்னை என்று சொல்லிவைத்தேன். பிறகு மழை நின்றதா, செம்பருத்தி ஏன் வாடியிருக்கிறது, கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும். அங்கே டூட்டி இல்லையா இவருக்கு.

நாலு பேர் இன்னும் ஃபீஸ் தரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் ஆம்பளைக் குரல். "ஏய்! ஹை! ஹை! போ!"

அவர் குரல்.

கிண்ணம் கவிழ்ந்தது. எனக்கு முன்னால் அத்தை. மூட்டு வலி என்று சுவரைப் பிடித்து நடக்கிறவர்கள் ஓடினார்கள். "வந்துட்டானா? ஏன்டி, வந்துட்டானா?"

கேட்டில் ஆளில்லை. எதிர்வீட்டு மாடு கம்பிக்குள் தலையை விட்டு முல்லைக் கொடியைத் தின்றுகொண்டிருந்தது. தூணிலிருந்து மறுபடி: "அத வெரட்டு! கொடியத் திங்குது பாரு!"

அதில் ஸ்பீக்கர் இருப்பதை யாருமே சொல்லவில்லை.

அத்தை தூணுக்கு அடியில் நின்று அண்ணாந்து, "சாப்ட்டியாப்பா?" என்றார்கள்.

"சாப்ட்டம்மா. நீ சாப்ட்டியா? மாட்ட வெரட்டச் சொல்லு அவள."

ரெண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாடு அசையவில்லை. நான்தான் போய் வாளியால் ஒரு தட்டுத் தட்டி விரட்டினேன். கொடியில் பாதி போய்விட்டது.